சரோஜா வீட்டில் நான் குடிக்காத டீ

எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே பெயர் வெட்டியிருந்தது. கோமதி. அது என் மகளின் பெயர்.

டீயிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. தரையில் எனக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் டம்ளர். காற்றாடி சுற்றியதில் ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு ஆவி நின்றுவிட்டது. மேலே மெல்லிசாக ஏடு படிந்து, சுருங்கி, ஓரமாக ஒதுங்கியது. அதுவரைக்கும் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை நீட்டவில்லை.

இது நடந்தது பாளையங்கோட்டையில், ஒரு மாதா கோவிலுக்குப் பின்னால் போகிற சந்தில், சரோஜாவின் வீட்டில். சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஏலக்காய் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு அந்த டம்ளர்தான் முன்னால் வந்து நிற்கிறது.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று நடந்ததைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். ஆண்பிள்ளை என்று நாங்கள் வளர்த்த பிள்ளை, பெண்ணாக வாழ வேண்டும் என்று வீட்டைவிட்டுப் போய், அன்று சேலை கட்டிக்கொண்டு வந்து தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றாள். உள்ளே விடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் மறித்தார்கள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவள் அப்பாவின் கால்மாட்டில் உட்காரவைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்கு எப்போதும் வராது. கையைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

அதைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பியிருந்தார்கள். தைரியமான தாய் என்று ஒருவர். உங்களைப் போல எல்லாத் தாய்மாரும் இருந்தால் என்று ஒருவர். பீடி சுற்றுகிற தட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாசிக்க வாசிக்க உடம்பு கூசியது. அவர்களுக்குப் பதிலாகத்தான் இந்த வாரம் டீயைப் பற்றி எழுதுகிறேன்.

சால்வை

அவளுக்கு நாங்கள் முதலில் வைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன். அது வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். வயிற்றில் இருந்தபோது, பெண்ணாகப் பிறந்தால் கோமதி என்று வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என்றைக்கோ அதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். அதை ஞாபகம் வைத்திருந்து அவளே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாள்.

அவள் அப்பா இறந்து ஒரு வருஷம் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் என்று போன் போட்டாள். திருநங்கைகள், திருநம்பிகள், ஆண்மேல் ஆசைப்படும் ஆண்கள், பெண்மேல் ஆசைப்படும் பெண்கள் எல்லோருக்குமான கூட்டம். பெற்றவர்களில் ஒருத்தராவது மேடைக்கு வர வேண்டுமாம்.

“எனக்குப் பேச வராதுட்டி.”

“நீ பேச வேண்டாம்மா. சும்மா வந்து நில்லு. போதும்.”

“எல்லாரும் என்னையப் பாப்பாவளே.”

“பாக்கத்தானம்மா கூப்பிடுதேன்.”

போனேன். ஏழு நிறத்தில் கொடி கட்டியிருந்தார்கள். ரெண்டு பெண்பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் கண் வாசலிலேயே இருந்தது. வர வேண்டிய யாரோ வரவில்லை போலிருக்கிறது. பெற்றவர்கள் என்று அங்கே வந்தது நான் ஒருத்திதான்.

கோமதி மைக்கைப் பிடித்து, “இவ என்னைப் பெத்தவ. ஊரே பாக்க என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவ” என்றாள். கைதட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். புகையிலை வாசம் வருமே என்று விரல்களைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பிறகு ஒல்லியாக ஒரு பெண் சாதியைப் பற்றிப் பேசினாள். முடிக்கும்போது, இனிமேல் சாதி பார்க்கமாட்டோம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். எல்லோரும் தூக்கினார்கள். சால்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து நானும் தூக்கினேன்.

கயிறு

அந்த ஏழு நிறக் கொடியைப் பார்த்ததும் எனக்கு வேறு நிறம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கயிறு கட்டுவார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம். நிறத்தைப் பார்த்தாலே எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். யார் யாரோடு உட்காருவது, யார் யாரை அடிப்பது என்பதெல்லாம் கயிற்றைப் பார்த்துத்தான்.

எங்கள் நிறம் எது என்று எழுதமாட்டேன். எழுதினால் சிலர் அதை மட்டும்தான் படிப்பார்கள்.

கோமதி ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் சட்டை கிழிந்து வந்து நின்றாள். உதட்டில் ரத்தம். கயிறும் அறுந்திருந்தது. அவள் நடக்கிற நடையைப் பார்த்துக் கேலி செய்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து அடித்திருக்கிறார்கள். அவள் அப்பா துள்ளிக்கொண்டு எழுந்தார்.

“அடிச்சவனுவ யாருலே? எந்தக் கயிறு?”

“நம்ம கயிறுதாம்ப்பா.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கோவிலுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்து அவள் கையில் கட்டிவிட்டார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளஸ் ஒன் பாதியில் அவள் வீட்டைவிட்டுப் போனாள். திருச்செந்தூரில் கடற்கரையில் பசியோடு உட்கார்ந்திருந்தவளை சரோஜாதான் பார்த்திருக்கிறாள். சரோஜாவும் திருநங்கை. மூத்தவள். கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் சமைத்துக் கொடுப்பது அவள் தொழில். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் ஒருத்தி சின்னவளை மகளாக எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டால் பெற்ற தாய்க்கு உள்ள பொறுப்பெல்லாம் அவளுக்கு.

கோமதிக்கு ஆபரேஷன் நடந்தபோது நாற்பது நாள் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தவள் சரோஜாதான். வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, வலியில் கத்தும்போது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்பது நாளும் நான் என் ஊரில், பத்தமடைக்கு அந்தப் பக்கம், பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு ஆபரேஷன் என்பதே எனக்குத் தெரியாது.

எந்தத் தெரு

கூட்டம் முடிந்து மண்டபத்திலேயே சாப்பாடு போட்டார்கள். சாம்பார் சாதம், அப்பளம். நன்றாக இருந்தது. ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு கோமதி என்னை அந்தச் சந்துக்குக் கூட்டிப் போனாள். சரோஜாவை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாசலுக்கே வந்துவிட்டாள். உயரமான ஆள். நரைத்த முடியை அள்ளிக் கொண்டை போட்டிருந்தாள்.

“வாங்க வாங்க! இவளைப் பெத்த மகராசி நீங்கதானா? ஏட்டி கோமதி, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன மொறை? ஒரு புள்ளைக்கு ரெண்டு தாயின்னா சக்களத்திதான?”

“எங்கப்பா போய்ச் சேந்துட்டாரும்மா. தப்பிச்சாரு” என்றாள் கோமதி.

“இருந்திருந்தா மட்டும் என்ன, என்னையப் பாத்ததும் போயிருப்பாரு. சரி, மதினின்னு வச்சுக்கிடுவோம். மதினி, காத்தாடிக்குக் கீழ உக்காருங்க. வேத்து வடியுதுலா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த நிமிஷம் அவளை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

எனக்கு யாரிடமும் கேள்வி கேட்க வராது. பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கமாட்டேன், நின்றுகொண்டே வருவேன். அப்படிப்பட்டவள் அன்று வாயைத் திறந்து, “உங்களுக்கு எந்த ஊரு?” என்றேன்.

“ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்க, மதினி. அணைக்கட்டுத் தண்ணி பாயுத ஊரு. எங்கய்யா வாழைத்தாரு சொமந்தாரு. பதினாலு வயசு வரைக்கும் நானுந்தான் சொமந்தேன்.”

“ஊர்ல எந்தத் தெரு?”

எங்கள் பக்கத்தில் யாரும் வெளிப்படையாகச் சாதியைக் கேட்பதில்லை. எந்தத் தெரு என்று கேட்பார்கள். கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். கேட்டு முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

அடுப்படிப் பக்கம் போன கோமதி திரும்பிப் பார்த்தாள். சரோஜா முகம் மாறவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“தெருவெல்லாம் முடிஞ்சு, வாய்க்காலையும் தாண்டி, மதினி.”

எழுந்து போய் அவளே டீ போட்டு எடுத்துவந்தாள். கோமதிக்கென்று பெயர் வெட்டி வாங்கிய டம்ளரில்.

என் அப்பாவுக்கு ஆற்றோரம் கொஞ்சம் வாழை இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருவார்கள். தாகம் என்றால் எங்கள் அம்மா செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவாள். அவர்கள் குனிந்து ரெண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பார்கள். செம்பு கையில் படாது. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அவர்கள் வீட்டிலிருந்து வாழைப்பழமோ தேங்காயோ கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். தோல் இருக்கிறதே. ஆக்கியது, காய்ச்சியது, தண்ணீர் எதுவும் வாங்கமாட்டோம்.

இப்படிச் செய் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அந்த டம்ளரைப் பார்த்தபோது எனக்குக் கோபமோ அருவருப்போ வரவில்லை. அப்படி வந்திருந்தால் நானே என்னைத் திட்டியிருப்பேன். கை எழும்பவில்லை. மடியிலேயே கிடந்தது. காலையில் அத்தனை பேருக்கு முன்னால் தூக்கிய அதே கைதான்.

“குடிம்மா, ஆறிப்போகுது” என்றாள் கோமதி.

“நான் ஒரு பொழுதுல்லா. திருச்செந்தூருக்கு நேந்திருக்கேன். மத்தியானம் சாப்பிட்டாச்சு, இனி டீ காப்பி எதுவும் கூடாது.”

நான் எதுவும் நேர்ந்திருக்கவில்லை. அந்த முருகன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன்.

சரோஜா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். “விரதம்னா விரதந்தான். இருக்கட்டும்” என்றாள். பிறகு வேறு என்னென்னவோ பேசினாள். கோமதிக்கு ரசத்தில் பூண்டு போட்டால் பிடிக்காது என்று எனக்குச் சொன்னாள். அது எனக்குத் தெரியாது.

ரெண்டு பழம்

பஸ் ஸ்டாண்டு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நானே போய்க்கொள்வேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். ஊருக்குப் போகிற பஸ் வர நேரமிருந்தது. தலை வலித்தது. டீ குடித்தே பழகிய உடம்பு. மூலையில் இருந்த கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கினேன்.

பாதி குடித்திருப்பேன்.

“விரதம் முடிஞ்சிட்டாம்மா?”

கோமதி நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. கையில் ரெண்டு வாழைப்பழம்.

கிளாஸை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தேன்.

“இது எந்தத் தெரு டீம்மா? மாஸ்டர்ட்ட கேட்டியா?”

டீ மாஸ்டர் என்னவென்று புரியாமல் சிரித்தார். “நம்ம கடை டீக்கு என்னக்கா கொறைச்சல்?”

“ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. எங்கம்மா ரசிச்சுக் குடிக்கா பாருங்க” என்றாள் கோமதி. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “மத்தியானம் ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டியே சாம்பார் சாதம், அதை யாரு ஆக்குனான்னு நெனைச்ச?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நீ போன பொறவு அந்த டீயை அம்மாதான் எடுத்துக் குடிச்சா. பழம்னா விரதத்துக்குச் சேரும்லா, ஓடிப் போய்க் குடுத்துட்டு வான்னு அனுப்புனா.” பழத்தை பெஞ்சில் வைத்தாள். “அவளுக்கு எல்லாம் தெரியும்மா. எதை வாங்குவிய, எதை வாங்கமாட்டியன்னு அவளுக்குத் தெரியாதா?”

“அப்படியெல்லாம் நெனைச்சு...”

“ஊரே பாக்க என் கையைப் பிடிச்ச. அவ கையில வாங்க முடியல.”

அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தோளில் சால்வை சரிந்திருந்தது. அதை எடுத்து, மடித்து, என் பைக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பழங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பிடவும் முடியவில்லை, தூர எறியவும் மனது வரவில்லை. கறுத்துப்போய் ஈ மொய்த்த பிறகு ஆட்டுக்குப் போட்டேன்.

சந்து முனை வரைக்கும்

அதற்குப் பிறகு கோமதி ஊருக்கு வரவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் வரும். “நல்லாருக்கியாம்மா? மாத்திரை சாப்பிட்டியா?” என்பாள். “வாயேன்ட்டி ஒரு எட்டு” என்பேன். “பாக்கலாம்மா” என்பாள். பார்க்கலாம் என்றால் வரமாட்டாள் என்று அர்த்தம்.

ரெண்டு தடவை பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனேன். ஒரு தடவை அந்த மாதா கோவில் வரைக்கும் போனேன். இன்னொரு தடவை சந்து முனை வரைக்கும். உள்ளே போய் என்ன சொல்ல? உங்கள் வீட்டில் டீ குடிக்க வந்திருக்கிறேன் என்றா? அதைக் கேட்டால் சரோஜா சிரிப்பாள், டீ போடுவாள். எனக்குத் தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை. கூச்சம் என்று நான் சொல்லிக்கொண்டேன். கூச்சம் மட்டும்தானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போதெல்லாம், அடுத்த தடவை என்று நினைத்துக்கொள்வேன்.

துட்டி வீடு

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் போன் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

“அம்மா போயிட்டாம்மா” என்றாள் கோமதி. என்னிடமே என்னைப் போயிட்டா என்கிறாளே என்று ஒரு நிமிஷம் திகைத்தேன். பிறகுதான் விளங்கியது.

பஸ் ஜன்னல் எல்லாம் தண்ணீர். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஒன்று முடிவு செய்தேன். இன்றைக்கு அந்த வீட்டில் வாயைத் திறந்து தண்ணீர் கேட்டுக் குடிக்க வேண்டும். கோமதி பார்க்கக் குடிக்க வேண்டும். சரோஜாவும் அங்கேதானே இருப்பாள்.

சந்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். சரோஜாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பட்டுச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கமிருந்து ஒருத்தரும் வரவில்லை. அவள் மகள்கள் ஏழெட்டுப் பேர் தலைவிரிகோலமாகச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளைகள்கூட அப்படி அழமாட்டார்கள். கோமதி தலைமாட்டில் இருந்தாள். அவளுக்கு அழுகை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

நான் போய் ஓரமாக உட்கார்ந்தேன். என்னை யாரும் விரட்டவில்லை. யாரும் மறிக்கவில்லை. என் வீட்டுத் துட்டிக்கு, அப்பாவின் சாவுக்கு, வந்தவளை மரத்தடியில் நிற்கவைத்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கோமதி எழுந்து வந்தாள். கையில் பேப்பர் கப்.

“குடிம்மா. வெறும் வயித்தோட வந்திருப்ப.”

வாங்கினேன். இந்தத் தடவை கை எழும்பியது. ரெண்டு கையாலும் வாங்கினேன். அவள் பார்க்க வேண்டும் என்று வேகமாக வாயில் வைத்தேன். நாக்கு சுட்டது.

“பையக் குடி” என்றாள். “நீ தாராளமாக் குடிக்கலாம். இது கடை டீ. துட்டி வீட்டுல அடுப்புப் பத்தவைக்க மாட்டாவல்லா.”

எனக்கு அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை. எத்தனை துட்டி வீட்டுக்குப் போயிருக்கிறேன். உடல் எடுக்கும்வரை அந்த வீட்டில் எதுவும் காய்ச்சமாட்டார்கள். எல்லாம் வெளியிலிருந்துதான் வரும்.

“கொஞ்சம் தண்ணி தாட்டி” என்றேன். பஸ்ஸில் முடிவு செய்ததை விட மனதில்லை.

மூலையில் இருந்த கேனிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அதுவும் பேப்பர் கப்தான். அதுவும் கடைத் தண்ணீர்தான். நான் குடித்து முடிக்கிறவரை நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை வாங்கிக் கசக்கி வாளியில் போட்டாள்.

அடுப்படிக் கதவு திறந்திருந்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மகளின் பெயர். எது கோமதியுடையது என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

சாயங்காலம் எடுத்தார்கள். மழை விடவில்லை. எல்லாம் முடிந்து நான் கிளம்பினேன். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். எனக்கு அந்த வழக்கம் எப்போதும் வசதியாக இருந்திருக்கிறது. அன்று மட்டும் யாராவது என்னைச் சொல்லவிட்டால் தேவலை என்று இருந்தது. கோமதி தூணில் சாய்ந்து நின்றாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. நல்லாருக்கியா என்கிறாள். மாத்திரை சாப்பிட்டியா என்கிறாள். மழை பெய்யுதா, ஆட்டுக்குத் தின்னக் கொழை இருக்கா, கால் வலி எப்படி, எல்லாம் கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் போனை எடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது டீ குடிச்சியா என்றுதான். அதை மட்டும் அவள் கேட்பதில்லை.